ஆட்டம் முடிந்த கால்களுக்கு ஐஸ் தோங்கா, ஐஸ் பொட்டலமா, அருவியா?

பேராக் மாநிலத் தாப்பாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காற்பந்துக் குழு நடத்துகிறவர்களிடம் இப்போது புதிதாக ஒரு செலவுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. ஜெர்சி வாங்கியாச்சு, பந்து இருக்கிறது, மிச்சப் பணத்தில் ஐஸ் தொட்டி வாங்கலாமா? பெரிய லீக் ஆட்டக்காரர்கள் தொட்டிக்குள் உட்கார்ந்து பல்லைக் கடிக்கும் படங்கள் எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டன. ஒருவர் இணையத்தில் விற்கும் ஊதுத் தொட்டியைக் காட்டுகிறார், கூடவே தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம். இன்னொருவர் நீலத் தோங் (பிளாஸ்டிக் பீப்பாய்) ஒன்றும் ஐஸ் மூட்டையும் போதும் என்கிறார். பக்கத்தில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கும்போது எதுக்குச் செலவு என்று மூன்றாமவர் கேட்கிறார். கோலாலம்பூரில் மைனஸ் நூறு டிகிரி அறைக்குள் நிற்க வைக்கிறார்களாம் என்று நாலாவது ஆள் எடுத்துவிடுகிறார்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோங், ஒரு நல்ல ஐஸ் பெட்டி, ஒரு வெப்பமானி. இதற்குமேல் எங்களைப் போன்ற குழுவுக்கு வேண்டாம். அந்தத் தோங்கிலும் வாரா வாரம் இறங்க வேண்டியதில்லை. கால் எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அடுத்த ஆட்டம் என்றைக்கு என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம், குளிர் வலியைக் குறைக்கும். சதையைச் சீக்கிரம் சரிசெய்யும் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆடியவனுக்குத் திங்களைவிடச் செவ்வாய்க்கிழமைதான் படி இறங்க முடியாது. பழக்கமில்லாத ஓட்டம், திடீரென்று நிற்பது, திரும்புவது, இறக்கத்தில் ஓடுவது எல்லாம் தசை நார்களில் நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து தானாக இறங்கும். லாக்டிக் அமிலம் தேங்கி நிற்கிறது, ஐஸ் அதைக் கழுவிவிடும் என்று இன்றும் திடலோரத்தில் சொல்கிறார்கள். அந்த லாக்டேட் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே இரத்தத்திலிருந்து போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை வலிக்கு அதைக் குற்றம் சொல்வது அநியாயம்.

குளிர்ந்த நீரில் இறங்குவது பற்றி 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 17 சிறு ஆய்வுகளை, மொத்தம் 366 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுப்பதோடு ஒப்பிட்டால் அடுத்த நாட்களின் வலி குறைகிறது என்பது முடிவு. பெரும்பாலான ஆய்வுகளில் தண்ணீர் 10 முதல் 15 டிகிரி, நேரம் 5 முதல் 24 நிமிடம். பிறகு 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 11 முதல் 15 டிகிரியில் 11 முதல் 15 நிமிடம் இருப்பதுதான் நன்றாக வேலை செய்கிறது என்றது. ஆக, தண்ணீரில் ஐஸ் மிதந்து பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர் தேவையே இல்லை. அது வீடியோவுக்கு.

இதில் எனக்குப் பிடித்தது 2014இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை. சிலரை 10 டிகிரி நீரில் இறக்கினார்கள், சிலரை வெதுவெதுப்பான நீரில். இன்னும் சிலருக்கு அதே வெதுவெதுப்பான நீர்தான், ஆனால் அதில் ஒரு திரவத்தை ஊற்றி, இது உடம்பைத் தேற்றும் எண்ணெய் என்று சொன்னார்கள். ஊற்றியது சாதாரணத் தோல் கழுவி. அந்த ஆட்களின் கால் பலம் ஐஸ் நீரில் இறங்கியவர்களுக்குச் சமமாகத் திரும்பியது! நம்பிக்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆகையால் ஐஸில் இறங்கினால்தான் எனக்குச் சரிவரும் என்று அடம்பிடிக்கிற ஸ்ட்ரைக்கரிடம் விவாதம் செய்யாதீர்கள். இறங்கட்டும்.

இப்போது நாள்காட்டிக்கு வருவோம். பயிற்சியின் நோக்கமே உடம்பைக் கொஞ்சம் உடைத்து, அது முன்னைவிடப் பலமாகக் கட்டிக்கொள்ள விடுவது. அந்த நேரத்தில் ஐஸை வைத்தால் கட்டுகிற வேலை மந்தமாகும். 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 12 வாரம், வாரம் இரண்டு முறை பளு தூக்கிய ஆண்களில் ஒரு பாதியினர் பயிற்சி முடிந்ததும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இருந்தார்கள். மறுபாதியினர் 10 நிமிடம் மெதுவாகச் சைக்கிள் மிதித்தார்கள். தசை வளர்ச்சியிலும் பலத்திலும் சைக்கிள் மிதித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து டவுன் ஜிம்முக்குப் போகிறவர்கள். மாதக் கட்டணம் கட்டி வளர்க்கும் தொடையை அன்று மாலையே ஐஸில் முக்குவது தன் காசைத் தானே எரிப்பது. ஜிம் நாளிலும், போட்டி இல்லாத மாதங்களின் பயிற்சி நாளிலும் தோங் கவிழ்ந்தே இருக்கட்டும்.

இரண்டு நாள் நடக்கும் எழுவர் போட்டி வேறு கதை. சனிக்கிழமை குழு ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை காலிறுதி தொடங்கி இறுதிவரை. அங்கே யாரும் தசை வளர்க்கப் போகவில்லை. மறுநாள் காலை எழுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை கடைசி விசிலுக்குப் பிறகு தோங்கில் இறங்குவது நியாயமான செலவு.

ஆனால் அதே நாளில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம்தான் என்றால் காலை ஐஸில் வைக்காதீர்கள். குளிர்ந்த தசைக்கு வேகம் வராது, துள்ளவும் முடியாது. கொஞ்ச நேரத்துக்குக் கால் மரக்கட்டைதான். அந்த இடைவெளியில் குளிர வைக்க வேண்டியது உடம்பை: நிழல், ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு கழுத்தில், நொறுக்கிய ஐஸ் போட்ட 100 பிளஸ் பானம். கூடாரத்தில் ஒரு பேசின் ஐஸ் தண்ணீரும் ஆளுக்கொரு பழைய துண்டும் இருந்தால் வேலை முடிந்தது.

சரி, ஊதுத் தொட்டியா, தோங்கா? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போடணும். எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 28 டிகிரி. கூரைமேல் வெயிலில் காய்ந்த தொட்டியிலிருந்து வந்தால் இன்னும் சூடு. 150 லிட்டர் தண்ணீரை 28இலிருந்து 14 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் 14 டிகிரிக்கு ஏறும்போது இன்னும் ஐம்பத்தெட்டுச் சொச்சம். வகுத்துப் பார்த்தால் 22 கிலோ ஐஸ் வருகிறது. வெளிக்காற்றின் சூடு, ஒருவர் மாற்றி ஒருவர் இறங்கும் உடம்புகளின் சூடு எல்லாம் சேர்த்து 30 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு உறைபெட்டியில் தட்டுத் தட்டாக உறைய வைத்து இதை எட்டவே முடியாது. மைலோ ஐஸில் போடுவார்களே, நடுவில் ஓட்டையுள்ள குழாய் ஐஸ், அதை மூட்டையாக விற்கும் கடையில் முதல்நாளே சொல்லி வையுங்கள். மீன் சந்தையில் உடைத்துக் கொடுக்கும் ஐஸ் மலிவாகக் கிடைக்கும். சிராய்ப்பு இருக்கிற முழங்காலை அந்தத் தண்ணீரில் முக்க எனக்கு மனசு வராது.

ஊதுத் தொட்டிகள் பெரும்பாலும் 300 லிட்டர் பிடிப்பவை. அப்படியென்றால் ஐஸ் இரண்டு மடங்கு. இயந்திரம் இருந்தால் ஐஸ் வேண்டாம்தான். ஆனால் இப்படித் தொட்டியோடு விற்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் சிறியவை. 28 டிகிரித் தண்ணீரைக் குளிராக்க மணிக்கணக்கில் ஓட வேண்டும். திடலோரத்தில் பிளக் எங்கே இருக்கிறது? மண்டபத்திலிருந்து நீட்டுக் கம்பி இழுத்து, ஈரப் புல்லில் மின்சார இயந்திரத்தை வைத்து, பக்கத்திலேயே நனைந்த பையன்களை நிறுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் தனியாக ஒருவர் தினமும் பயன்படுத்த வாங்குகிறார் என்றால் யோசிக்கலாம். பதினைந்து பேர் கொண்ட குழுவுக்கு, வருஷத்தில் நாலைந்து போட்டிக்கு, அது அலங்காரப் பொருள்.

தோங் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று களைக்கொல்லி மருந்து வந்த தோங்கைத் தூக்கி வரக்கூடாது. மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 தொடங்கித் தடை செய்யப்பட்டுவிட்டது. தடை வந்ததால் ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும் பழைய தோங் சுத்தமாகிவிடாது. வேறு களைக்கொல்லிகளும் அதே மாதிரி தோங்கில்தான் வருகின்றன. எத்தனை தடவை கழுவினாலும் அதில் ஆளை இறக்காதீர்கள். உணவுப்பொருள் வந்த தோங் என்று உறுதியாகத் தெரிந்தால் சரி; சந்தேகம் வந்தால் புதிதாகப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கிவிடுங்கள். விளிம்பை அறுத்திருந்தால் அரத்தால் தேய்த்து, பழைய ரப்பர்க் குழாயைப் பிளந்து மாட்டுங்கள். ஈரத் தொடையில் பிளாஸ்டிக் விளிம்பு கீறினால் வலிப்பதே தெரியாது, வெளியே வந்து சூடேறிய பிறகுதான் தெரியும்.

தோங்குக்கு இன்னொரு சாதகமும் உண்டு: ஆள் நிற்கலாம். இடுப்பளவு நீரில் நிற்கும்போது பாதத்தில் சுமார் 70 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு நீரின் அழுத்தம் இருக்கும். மேலே போகப் போகக் குறையும். வீங்கிய கெண்டைக்காலை அந்த அழுத்தமே மெல்லப் பிழிந்துவிடும். குளிரின் பலன் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இந்த அழுத்தத்தினுடையது.

இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும். வியர்வையும் மண்ணும் சிராய்ப்பும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் ஒருவன் கட்டி எல்லாருக்கும் வரும். திறந்த காயம் உள்ளவர் இறங்கவே வேண்டாம். காலுறையைக் கழற்றாதீர்கள், விரல்கள்தான் முதலில் துடிக்கும். வெப்பமானியில் 12க்குக் கீழே போனால் ஒரு வாளி குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். மெதுவாக இறங்குங்கள், முதல் அரை நிமிடம் மூச்சு திக்கென்று இழுக்கும், இதயம் படபடக்கும். ரெண்டு நிமிடத்துக்குள் அடங்கும். அடங்கவில்லையென்றால் வெளியே வந்துவிட வேண்டும். யாரும் தனியாக இறங்கக்கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் நிற்பவர்கள் கெட்டிக்காரர்கள் என்று யாராவது பந்தயம் கட்டினால் அந்த ஆளை ஐஸ் சுமக்க அனுப்புங்கள்.

ஐஸ் பொட்டலம் இதற்குப் போட்டியே அல்ல, அது வேறு வேலைக்கு. கணுக்கால் சுளுக்கு, முழங்கால் அடி, இப்படி ஓரிடத்து வலிக்கு அதுதான். பிளாஸ்டிக் பையில் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும், நடுவில் ஒரு ஈரத்துணி, பத்துப் பதினைந்து நிமிடம். உருகும் ஐஸ் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது. உறைபெட்டியிலிருந்து நேரே எடுத்த ஜெல் பை மைனஸ் 18இல்கூட இருக்கலாம், அதைத் தோலில் நேராக வைத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, நரம்பு ஒன்று தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே ஐஸை இறுக்கிக் கட்டிவைத்தால் பாதம் தொங்கிப்போகிற அபாயம் உண்டு.

சுளுக்குக்கு ஐஸ் என்பதிலும் பழைய உறுதி இப்போது இல்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலையும் 1978இல் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே பிற்காலத்தில், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். நான் எடுத்துக்கொள்வது இதுதான்: முதல் நாள் வலி தாங்க ஐஸ் வைக்கலாம், மூன்றாம் நாளும் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. நாலு அடி எடுத்து வைக்க முடியாத கணுக்காலை ஐஸ் வைத்துப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுக்கத் தாப்பா மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அருவிக் கட்சிக்காரர்களிடம் எனக்குப் பாசம் உண்டு. கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில், வளைவுக்கு வளைவு பெத்தாய் கட்டுத் தொங்கும் கடைகளைத் தாண்டி லாத்தா இஸ்கண்டாரில் இறங்கினால் மனசே லேசாகிவிடும். ஆனால் சிலிர்க்கிறதே என்பதால் அது ஐஸ் தண்ணீர் ஆகிவிடாது. பெரும்பாலும் 20 டிகிரிக்குமேல்தான் இருக்கும், ஆய்வுகள் பேசும் குளிர் அங்கே இல்லை. போகவும் வரவும் காடியில் மடக்கி வைத்த கால் இன்னும் இறுகும். அதைவிட முக்கியம், சிராய்ப்போடு இறங்கக் கூடாத தண்ணீர் அது. 2010இல் பகாங் மாநிலம் மாரானில் உள்ள லூபோக் யூ ஆற்றில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களிடையே எலிச் சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். மேலே மலையில் கறுத்து மழை பெய்தால் கெப்பாலா ஆயேர் எனும் திடீர் நீர்ப்பெருக்கு எந்த நிமிடமும் வரலாம், அதற்குக் கீழே இருக்கும் வெயில் தெரியாது. காயமில்லாத நாளில் குடும்பத்தோடு போய்க் குளியுங்கள். அது உல்லாசம், சிகிச்சைக் கணக்கில் எழுதாதீர்கள்.

கோலாலம்பூர் குளிர் அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைனஸ் 100 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த காற்றில் ரெண்டு மூன்று நிமிடம் நிற்பது. 2015இல் கோக்ரேன் தேடியபோது கிடைத்தது நாலே ஆய்வு, 64 பேர். வலியைக் குறைக்கும் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமும் 2016இல், எந்த நோய்க்கும் இந்த அறைகளுக்குத் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்று தெளிவுபடுத்தியது. நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டர் போய் வருகிற டோல் காசுக்கே இரண்டு மூட்டை ஐஸ் வாங்கிவிடலாம்.

குளிரே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான், பலருக்கு அதுவே சிறந்தது. 2018இல் 99 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், மறுநாள் வலிக்கும் சோர்வுக்கும் முதலிடம் பிடித்தது மசாஜ். பாட்டி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தபோது நாம் நெளிந்து ஓடினோம்! ஆட்டம் முடிந்து திடலை இரண்டு சுற்று நடப்பது, சோறும் முட்டையும் பருப்பும் நேரத்துக்குச் சாப்பிடுவது, தூங்குவது. இரவு ஷிஃப்ட் முடித்து நாலு மணி நேரம் தூங்கிவிட்டு ஆட வருகிறவனுக்கு எந்தத் தோங்கும் ஈடு கட்டாது. வலியோடு சேர்த்துச் சிறுநீர் கோப்பி ஓ (பால் விடாத காப்பி) நிறத்தில் போனால் ஐஸும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், நேராக மருத்துவமனை. தசை அளவுக்குமீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளம் அது.

மூத்தோர் அணிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, அவர்களை நான் தோங்கில் இறக்கமாட்டேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களிடையே பத்தில் மூன்று பேருக்கு. பலருக்குப் பாதம் மரத்துப்போயிருப்பதே தெரியாது. குளிர் சுடுவது உணர முடியாத காலில் ஐஸ் பொட்டலம்கூட ஆபத்து. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குளிரில் விரல் வெளுத்துப்போவது, குளிர்பட்டால் தடிப்பு வருவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்க அண்ணே என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் தோங் வாங்கத்தான் வேண்டும் என்று நான் நிற்பதற்கு வலி காரணமில்லை, வெயில்தான் காரணம். மதியம் இரண்டு மணி ஆட்டத்தில் ஒருவன் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி, விழுந்தால் அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 999க்கு ஒருவர் அழைக்க, மற்றவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் அங்கேயே அவனைக் கழுத்துவரை ஐஸ் நீரில் அமிழ்த்தணும். முதலில் குளிர வை, பிறகு ஏற்றிக்கொண்டு போ என்பதுதான் இதற்கு மருத்துவம் சொல்லும் வரிசை. ஐஸ் நீரில் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும், வேறெதுவும் அந்த வேகத்தில் இறக்காது. நினைவு தப்பியவனை நிற்கும் தோங்கில் இறக்க முடியாது. ஒரு கான்வாஸைத் தரையில் விரித்து, அவனை அதில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தோங்குத் தண்ணீரையும் ஐஸையும் அதில் ஊற்றி அலசிக்கொண்டே இருக்கணும். தலையை ஒருவர் தண்ணீருக்குமேல் தாங்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஆகவே வாங்க வேண்டிய பட்டியலில் கான்வாஸும் சேர்கிறது. தண்ணீரை முதல் ஆட்டத்துக்கு முன்பே நிரப்பிவிடுங்கள், ஐஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கடைசி ஆட்டம்வரை தேவைப்படவில்லையென்றால் மாலையில் கால்களுக்குக் கொட்டலாம். எல்லாம் முடிந்து தோங்கைக் கவிழ்த்து வைக்கும் பொறுப்பை ஒருவர் பெயர் சொல்லி ஒப்படையுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு மிச்சம் வைத்தால் சுகாதார இலாகாவிலிருந்து ஆள் வந்துவிடும்.